ஒரே மருத்துவர், பதினைந்து ஆண்டுகள்

பெரிய மருத்துவமனைகளில் கூட்டம் நிரம்பி வழிந்தால் கூடுதல் படுக்கை கேட்டுக் குரல் எழுவது வழக்கம். அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதே இந்த உரையின் பொருள்.

அமெரிக்க மருத்துவர் கெர் வைட்டும் உடன் ஆய்வாளர்களும் 1961-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆயிரம் பெரியவர்களில் ஒரு மாதத்தில் ஏதாவது நோவு, நோய் என்று சொல்பவர்கள் 750 பேர். மருத்துவரைப் பார்ப்பவர்கள் 250 பேர். மருத்துவமனையில் சேர்பவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். அந்த 250 பேரை யார் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து 9 என்ற எண் ஏறும், இறங்கும்.

இதை நார்வேயில் தெளிவாகப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் என்ற ஏற்பாட்டை அந்த நாடு 2001-இல் கொண்டுவந்தது. பிடிக்காவிட்டால் ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவரை மாற்றிக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டுமானால் பொதுவாகக் குடும்ப மருத்துவரின் கடிதம் தேவை. இரவு நேரத்துக்கு உள்ளாட்சியின் அவசர மருத்துவ மையம் உண்டு.

சுமார் 45 லட்சம் பேரின் 2018-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஹோக்னே சான்ட்விக் குழுவினர் ஆராய்ந்தார்கள். மருத்துவரிடம் சேர்ந்து ஓராண்டே ஆனவர்களோடு, ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை ஒப்பிட்டார்கள். பின்னவர்கள் அவசர மையத்துக்குப் போகும் வாய்ப்பு 30 சதவீதம் குறைவு. அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவு.

இது எப்படி நடக்கிறது? இதயம் பலவீனமான ஒரு மூதாட்டிக்குக் கால் வீங்குகிறது, சில நாளில் எடை இரண்டு கிலோ கூடிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் பார்ப்பவருக்குப் போன மாதம் அந்தக் கால் எப்படி இருந்தது என்று தெரியும். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார். நள்ளிரவில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கோ அந்த மூச்சிரைப்பு பழையதா புதியதா என்றே தெரியாது. எதற்கு வம்பு என்று ஆம்புலன்ஸை அழைத்துவிடுவார். அவர் செய்ததும் தவறில்லை.

ஊர் மாறாமல் நிலையாக வாழ்கிறவர்களே ஒரே மருத்துவரிடம் தங்குகிறார்கள், அவர்கள் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வயதையும் நாட்பட்ட நோய்களையும் கணக்கில் சேர்த்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. ஒரே மருத்துவரிடம் இருந்த காலம் நீள நீள அது படிப்படியாகக் கூடியும் வந்தது. ஆனாலும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இவ்வகை ஆய்வு மட்டும் போதாது.

குடும்ப மருத்துவர் ஏற்பாடு இன்று நார்வேயிலேயே தள்ளாடுகிறது. வேலைப்பளு தாங்காமல் குடும்ப மருத்துவப் பணிக்கு ஆள் வருவது குறைந்தது. பல ஊர்களில் நிரந்தர மருத்துவர் இல்லாமல் தற்காலிக மருத்துவர்கள் மாறிமாறி வருகிறார்கள். பட்டியலில் நோயாளியின் பெயர் இருக்கும், அவரை அறிந்த மருத்துவர் இருக்கமாட்டார். நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று மருத்துவருக்குத் தரும் தொகையை நோய்ச்சுமைக்கு ஏற்ப மாற்றும் திருத்தம் 2023-இல் வந்தது. மருத்துவர்களை அதே ஊரில் நிலைத்திருக்கச் செய்ய நார்வே அரசு இப்படித்தான் செலவு செய்துகொண்டிருக்கிறது.