காட்டுக்குள் ஒரு நாள்: மொன்றியலைச் சுற்றிக் குடும்பமாக நடக்க



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் நடை. வைத்தியர் சொன்னாரென்று வீட்டைச் சுற்றி நடக்கிற நடை அல்ல. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, மலை, ஆற்றோரம், சதுப்பு நிலம் என்று ஒரு நாள் முழுக்க வெளியில் போய் நடந்துவிட்டு வருகிற நடை. இதற்கெல்லாம் ஒரு உரை தேவையா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் என் மகன் பள்ளிக்கூடத்தால் மொன் சான் இலேர் மலைக்குப் போய்விட்டு வந்தான். கால் முழுக்கச் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு. வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்டான்: "அப்பா, நாங்கள் ஏன் ஒருநாளும் காட்டுக்குப் போறேல்லை?" வேலை, சனி ஞாயிறு என்றால் கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் என்று நான் காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல.

எங்களில் பலருக்கு நடை என்றால் ஓடுவது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினான்கு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது ஒரு அடி வைத்துவிட்டு அடுத்த அடிக்குக் காத்து நிற்கவேண்டிய நெரிசல். சைக்கிளில் ஒருமணி நேரத்தில் போகிற தூரத்துக்கு ஒரு இரவு முழுக்கப் போனது. "எங்க போறம்?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரிடம் பதில் இருக்கவில்லை. இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் வன்னிக் காட்டுப் பாதைகளால் நடந்தவர்கள் இருக்கிறீர்கள். 2009இல் அதைவிடக் கொடிய நடையை நடந்தவர்களின் உறவுகள் இருக்கிறீர்கள். காடு என்றால் எங்களுக்குக் கண்ணிவெடி, ஷெல், பாம்பு. பொழுதுபோக்குக்காக யார் அங்கே போவார்கள்?

ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்குக் காடு என்றால் காடுதான். எங்களுடைய பயத்தை அவனுக்குச் சீதனமாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் நாங்கள் நடக்கத் தொடங்கினோம். அன்று தொடக்கம் நான் கற்றுக்கொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் நகரத்துக்குப் பெயர் கொடுத்ததே மொன் றோயல் மலைதான். அந்தப் பூங்காவை வடிவமைத்தவர், நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரெடெரிக் லோ ஓல்ம்ஸ்ரெட். 1876இல் அது திறக்கப்பட்டது. அவருடைய பெயரிலுள்ள பிரதான பாதை குதிரை வண்டிகள் ஏறுவதற்கென்று போடப்பட்டது. அதனால் ஏற்றம் மிக மெதுவானது. குழந்தை வண்டிலும் தள்ளலாம், முழங்கால் நோ உள்ளவர்களும் இடையிடையே இருந்து இருந்து ஏறலாம். கோட் டி நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கம் இருப்பவர்களுக்குக் கார் கூடத் தேவையில்லை.

அடுத்தது தீவின் மேற்குப் பக்கம். கப் சான் ஜாக், இல் பிசார் ஆகிய இரண்டு இயற்கைப் பூங்காக்களும் மாநகர சபைக்குச் சொந்தமானவை. உள்ளே போவதற்குக் கட்டணம் இல்லை, கார் தரிப்பிடத்துக்கு மட்டும் காசு. இல் பிசாரில் சதுப்பு நிலத்துக்கு மேலால் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். தாராவும் கொக்கும் ஆமையும் பக்கத்தில் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மலையைவிட இதுதான் விருப்பம்.

ஆற்றுக்குக் கிழக்கே, முக்கால் மணித்தியாலக் கார் ஓட்டத்தில் மொன் சான் இலேர். அதன் பெரும் பகுதி மக்கில் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1978இல் கனடாவிலேயே முதலாவது உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அதை அங்கீகரித்தது. நடுவில் ஒரு ஏரி, சுற்றிவரப் பல சிகரங்கள், உச்சியிலிருந்து பார்த்தால் றிஷெலியூ ஆறும் அப்பிள் தோட்டங்களும். நுழைவுக் கட்டணம் உண்டு. இலையுதிர் காலத்தில் சனம் கூடுவதால் முற்கூட்டியே பதிவுசெய்துவிட்டுப் போவது நல்லது. மாகாண அரசின் பூங்காக்களான சான் புறூனோ, ஓக்கா, மொன் றெம்பிளான் முதலியவற்றில் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நேயர்களே, வல்மோரின் முருகன் கோயிலை அறியாத தமிழ்க் குடும்பம் மொன்றியலில் இல்லை. சிவானந்த ஆச்சிரமத்து மலையிலே எத்தனை தடவை காவடிக்கும் அர்ச்சனைக்கும் போயிருப்போம்! அன்னதானம் முடிந்ததும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவோம். ஆனால் அந்த ஊருக்குள்ளாலேயே 200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரு பாதை போகிறது. ஒருகாலத்தில் லோறன்ரைட் மலைகளுக்கு ஆட்களையும் மரத்தையும் ஏற்றிய புகையிரதப் பாதை அது. ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைக் கழற்றி, 1996இல் நடப்பதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் திறந்துவிட்டார்கள். ரயில் போன பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. வல்மோரினிலிருந்து அடுத்த ஊரான வல் டேவிட் வரை ஆற்றையும் ஏரியையும் பார்த்துக்கொண்டு நடக்கலாம். அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது காருக்குள் ஒரு சோடி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.

இனி, கவனிக்க வேண்டிய விடயங்கள்.

பிள்ளைகளோடு போனால் மணித்தியாலத்துக்கு இரண்டு கிலோமீற்றர் என்று கணக்குப் பண்ணுங்கள். அவர்கள் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே முடிவெடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புங்கள். நவம்பரில் மணிக்கூட்டை மாற்றிய பிறகு நாலரை மணிக்கே பொழுது பட்டுவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் காயாது, குளிர் பிடிக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மெல்லிய உடுப்புகள், மழை அங்கி, மாற்று மேசு. தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றராவது. சாப்பாட்டுக்கு றோல்ஸும் தோடம்பழமும் நல்லது, சோறும் கறியும் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. மிஞ்சிய சாப்பாட்டையும் குப்பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள். மிருகங்களுக்குப் போடாதீர்கள்.

மே, யூன் மாதங்களில் வடக்கே போனால் சின்னக் கறுத்த இலையானும் நுளம்பும் பிய்த்தெடுக்கும். முழுக்கை உடுப்புப் போடுங்கள். மூன்று மூன்று இலையாகப் படரும் ஒரு நச்சுச் செடி இருக்கிறது, தொட்டால் தோல் கொப்பளிக்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

முக்கியமானது உண்ணி. தெற்குக் கியூபெக்கில், விசேடமாக மொன்றெறெஜி, எஸ்திறி பகுதிகளில், லைம் நோயைப் பரப்பும் உண்ணி இருக்கிறது. ஊரில் மாட்டிலும் நாயிலும் பார்த்த உண்ணியைவிட மிகவும் சிறியது. காற்சட்டை நுனியை மேசுக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்க வார்த்து, பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள், கமக்கட்டு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் பூசவோ நெருப்புக் காட்டவோ வேண்டாம். சின்னச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பிறகு 811 இலக்கத்துக்கு அழைத்துத் தாதியிடம் ஆலோசனை கேளுங்கள். அடுத்த கிழமைகளில் அந்த இடத்தில் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் நிற்கும் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். மலைக்குள் கைத்தொலைபேசி எல்லா இடமும் வேலை செய்யாது.

முடிப்பதற்கு முன் இன்னுமொரு இடம். ஒட்டாவாவின் கிழக்கு எல்லையில், எங்களிடமிருந்து சுமார் இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், மேர் பிளே என்றொரு பாசிச் சதுப்பு நிலம் இருக்கிறது. நுவரெலியாவுக்கு அப்பால் ஹோட்டன் சமவெளியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திறந்த வெளியும் குளிர்காற்றும் ஞாபகத்துக்கு வரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் படிந்த பாசிக்கு மேலே, ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய பலகைப் பாதை வட்டமாகப் போகிறது. ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை. கட்டணமும் இல்லை.

அங்கேதான் அம்மாவை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. காரால் இறங்கும்போது தோளில் ஒரு பை. பாரமாக இருக்கிறதே என்று வாங்கித் திறந்து பார்த்தேன். கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, ஒரு ரோச் லைட், ஒரு போத்தல் தண்ணீர். "ஏனம்மா இதெல்லாம்?" என்றேன். "வெளிக்கிடுறம் எண்டு சொன்னனீ" என்றார்.

பாதையின் தொடக்கத்தில் ஒரு வரைபடப் பலகை. அதில் ஒரு புள்ளியைக் காட்டி மகன் தன்னுடைய தமிழில் சொன்னான்: "அப்பம்மா, நாங்கள் இஞ்ச நிக்கிறம். இப்பிடிச் சுத்தி இஞ்சயே திரும்பி வருவம்." அம்மா அந்தப் பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "திரும்பி வருவமோ?" என்று ஒருதரம் கேட்டார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பாதையில் நடக்கும்போது அவருக்கு ஒரு விடயம் சொன்னேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தச் சதுப்பு நிலத்தில்தான் விமானத்திலிருந்து குண்டுபோட்டுப் பயிற்சி எடுத்தார்களாம். அம்மா சுற்றிவரப் பார்த்தார். பாசி, குட்டையான தேவதாரு மரங்கள், வெள்ளைப் பஞ்சு போன்ற புல். "இப்ப ஒண்டும் தெரியேல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இப்போதும் அந்தப் பையோடுதான் வருகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் "இண்டைக்கு எங்க போறம்?" என்று முதலில் கேட்பது அவர்தான். 1995இல் நான் கேட்ட அதே கேள்வி. இன்று எங்களிடம் அதற்குப் பதில் இருக்கிறது.

நேயர்களே, வருகிற கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். மொன் றோயலில் தொடங்கினாலே போதும். வீட்டிலிருக்கும் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கு எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.