மேடை அச்சமும் நடிகரின் தன்னம்பிக்கையும்

மேடை அச்சம் புதியவர்களை மட்டும் பிடிப்பதில்லை. ஆங்கில நாடக உலகின் முதல் வரிசை நடிகர் லாரன்ஸ் ஒலிவியே 1964-இல் லண்டன் நேஷனல் தியேட்டரின் இயக்குநராக இருந்தார். அந்த ஆண்டு இப்சனின் 'தி மாஸ்டர் பில்டர்' நாடகத்தில் நடித்தபோது அவருக்குத் தொண்டை அடைத்தது. அரங்கமே சுற்றுவது போலிருந்தது. வயதோ 57. அந்தப் பயம் விலக ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆயின. ஒதெல்லோவாகத் தனித்துப் பேசும் இடங்களில், இயாகோ வேடமிட்ட ஃபிராங்க் ஃபின்லேயைத் தம் கண்ணில் படும்படி மேடையோரம் நிற்கச் சொன்னார். பின்னர் ஷைலாக்காக நடித்தபோது, தம் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்று சக நடிகர்களைக் கேட்டுக்கொண்டார். இத்தனையையும் 1982-இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதினார். பயம் இருந்தும் அவர் மேடையேறுவதை நிறுத்தவில்லை. துணை கேட்கவும் கூச்சப்படவில்லை.

பாத்திரத்தை விட்டுவிட்டு நடிகர் தம்மையே வேடிக்கை பார்க்கத் தொடங்கும்போது அச்சம் முற்றுகிறது. கையை எங்கே வைப்பது, குரல் நடுங்குகிறதா, முன்வரிசையில் ஒருவர் ஏன் கொட்டாவி விட்டார் என்று மனம் அலையும். நெஞ்சு படபடப்பதை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. கவனத்தைத் திருப்ப முடியும்.

இதற்கு ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் பயிற்சி நூலில் ஒரு காட்சி வைத்திருக்கிறார். திரைச்சீலையின் மடிப்பில் செருகிய ஊசியைத் தேடும்படி ஒரு மாணவியிடம் சொல்கிறார்கள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மார்பில் கைவைத்து, மேடையெங்கும் ஓடிப் பதறுகிறாள். பிரமாதமாக நடித்துவிட்ட பூரிப்போடு இறங்கி வருகிறாள். "ஊசி எங்கே?" தேடவே மறந்துவிட்டாள்! கிடைக்காவிட்டால் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான் என்றதும், மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தேடுகிறாள். பார்ப்பவர்கள் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள். "தைரியமாக இரு" என்று தட்டிக்கொடுப்பதைவிட, நடிகரின் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

தன் உடலையும் குரலையும் ஏற்றுக்கொள்வது கவனத்தைத் திருப்புவதைவிடக் கடினம். தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பாட்டே நடிகனின் முதல். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த சிறுவனுக்கு அதுவரை போட்ட வேடம் கைவிட்டுப் போகும். பதின்ம வயதில் தன் குரலே தனக்கு எதிரியாவது சாதாரண அடி அல்ல. அந்த நாளைய நாடகப் பெருமைகளைப் பேசுவோர் இதை அதிகம் பேசுவதில்லை.

கணீரென்று பாடும் நாயகர்களை ரசிகர்கள் கொண்டாடிய அந்த மேடையிலிருந்துதான் எம்.ஆர். ராதா வந்தார். அவர் குரல் ஒரு வரியில் கரகரக்கும், அடுத்த வரியில் கீச்சிடும். அதை இனிமையாக்க அவர் மெனக்கெடவில்லை; நையாண்டிக்கு ஆயுதமாக்கினார். திருவாரூர் கே. தங்கராசு எழுதி ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' நாடகம் 1954-இல் திரைப்படமானது. அதன் பிறகும் ராதா அதே நாடகத்தை அதே குரலோடு ஊர் ஊராக நடத்தினார்.