முகம் மறந்து போகுமோ?

(கல்லறைத் திருநாளன்று மாலை, ஜூபிலி ஆண்டுப் பழம் புகைப்படக் கண்காட்சியைத் திறந்து வைத்துப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கல்லறைத் தோட்டத்தை மந்திரித்து, நம் முன்னோர் துயிலும் இடங்களில் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறோம். அங்கே பெயர்களைப் பார்த்தோம். இங்கே முகங்களைப் பார்க்கிறோம். ஜூபிலியை முன்னிட்டு வீட்டுக்கு வீடு பழைய படங்களைக் கேட்டபோது, சுவரிலிருந்து கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "சாமி, பத்திரம்" என்று சொல்லாமல் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கார்மேல் அன்னைக்கு இவ்வாலயத்தை 1808-ஆம் ஆண்டில் எழுப்பிய ஜான் டி மோந்தே துரை, 1821-இல் காலமாகி இங்கேயே துயில்கிறார். ஒளியைப் பிடித்துத் தகட்டில் நிறுத்தும் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். ஆகவே இக்கோவிலைக் கட்டியவரின் முகத்தைக் காமிரா கண்டதில்லை. அவர் காலத்தில் இங்கு வலை இழுத்த நம் முப்பாட்டன்மாரின் முகத்தையும் கண்டதில்லை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பெரிய மரக் காமிராவைக் கொண்டு மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் பிடித்தார். பிறகு பட்டணங்களில் ஸ்டூடியோக்கள் வந்தன. ஆனால் ஏழையின் முகம் காமிராவுக்கு முன் வர இன்னும் பல்லாண்டுகள் ஆயின.

இந்தக் கண்காட்சியிலேயே அந்தக் கதையைக் காணலாம். முதல் மேசையிலுள்ள திருமணப் படங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மகிழ்ச்சி இல்லாமல் அல்ல. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த போட்டோக்காரர் "ஆடாதே" என்று சொல்லியிருப்பார். அடுத்து, சதுரமான சிறு படங்கள். அவை பெரும்பாலும் அக்பா கிளிக் பெட்டிக் காமிராவில் எடுத்தவை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து 'இந்து' என்னும் பிலிம் வந்தபின் கறுப்பு வெள்ளைச் சுருள் நம் நாட்டுச் சரக்காயிற்று. அப்புறம் முப்பத்தாறு படச் சுருள்; அப்புறம் வண்ணப் படம். 1970-களின், 80-களின் வண்ணப் படங்கள் பல செம்மண் நிறமாகிவிட்டதைப் பாருங்கள். வண்ணச் சாயங்களுள் நீலம் முதலில் வெளிறி, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அவற்றினும் மூத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ தெளிவாக நிற்கின்றன. ஏனெனில் அவற்றில் உள்ளது சாயமன்று, வெள்ளி. ஆனால் 'ஹைப்போ' மருந்தை நன்றாகக் கழுவாமல் அவசரமாகக் கொடுத்த படம் மஞ்சளாகிவிடும்.

கடைசி மேசையில் உள்ள மூன்று படங்களைப் பார்த்துச் சிறுவர்கள் சற்றே பின்வாங்கினார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, மாலையிட்டு, சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. தமிழ்நாடெங்கும் இவ்வழக்கம் இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டிப் பாதுகாக்கும் பணியில் ஈடுபட்டது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அத்தகைய படங்களைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும். ஏனெனில் ஒரு காலத்தில் நானும் சுளித்தவன்.

1999-ஆம் ஆண்டு. நான் குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு. வேறொரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்தேன். காய்ச்சலில் நான்கு வயதுப் பெண் குழந்தை இறந்துபோயிற்று. அடக்கப் பூசைக்குக் கொண்டுவந்து கோவில் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். தகப்பனார் யாரிடமோ கடன் வாங்கி, பக்கத்து டவுனிலிருந்து போட்டோக்காரர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். தாய் தன் மடியில் குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் காமிராவின் மூடியைத் திறந்தார். அப்போது நான் வந்தேன். "கோவில் என்ன ஸ்டூடியோவா? செத்த பிள்ளையைப் படம் எடுப்பது என்ன கிறிஸ்தவ வழக்கம்? எடுத்து உள்ளே வையும்!" என்று எல்லார் முன்பும் அதட்டினேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மூடியைப் போட்டுக் காமிராவைத் தோல்பைக்குள் வைத்தார். ஆனால் போய்விடவில்லை. கல்லறைவரை வந்து, கடைசிப் பிடி மண் விழும்வரை நின்று, கூலி வாங்காமல் சைக்கிளில் திரும்பிப் போனார். அவர் இந்து சகோதரர். அன்று அந்தக் குடும்பத்துக்கு அவர் காட்டிய பரிவை, வெள்ளை அங்கி அணிந்த நான் காட்டவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஊர்த் திருவிழாவுக்குப் பிரசங்கம் செய்யப் போனேன். பூசை முடிந்தபின் அந்தத் தாய் வந்தாள். என்னைக் குறை சொல்ல வரவில்லை. ஆலோசனை கேட்க வந்தாள். "சாமி, எம்புள்ள கனவுல வருது. ஆனா முகம் தெரியல சாமி. பாவாடைதான் தெரியுது. பெத்தவளுக்கே முகம் மறந்து போகுமா?" என்றாள். அந்தக் குழந்தையை அதற்கு முன் ஒருநாளும் யாரும் படம் எடுத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தாழ்வாரத்தில் நான் தடுத்தது முதல் படம். அதுவே கடைசிப் படம்.

குருமடத்தில் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்த எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. "அம்மா, தப்பு என்னுடையது" என்றேன். "நீங்களும் அப்போ சின்ன வயசுதானே சாமி" என்றாள் அவள். அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேருக்கு மன்னிப்பின் வார்த்தையைச் சொன்ன நான், அன்று அதை ஒரு கூலிக்காரப் பெண்ணின் வாயிலிருந்து கேட்டுக்கொண்டேன்.

நான் எங்கே தவறினேன்? தபசுகால வெள்ளிதோறும் ஆறாம் ஸ்தலத்தில் முழந்தாளிடுகிறோமே, அங்கே வெரோனிக்கம்மாள் செய்தது என்ன? துன்பத்தில் சிதைந்த ஒரு முகத்தைத் துணியில் வாங்கி வைத்துக்கொண்டாள். இறந்த மகனை மடியில் கிடத்திய வியாகுல மாதாவின் சுரூபத்துக்கு மாலையிடுகிறோமே, அந்தத் தாழ்வாரத்தில் அன்று அந்தத் தாய் அமர்ந்திருந்த கோலமும் அதுவேயல்லவா? சுரூபத்தில் வணங்கியதை உயிருள்ள தாயிடம் நான் அறிந்துகொள்ளவில்லை.

காமிராவோடும் மரணத்தோடும் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஹோமாய் வியாரவாலா, 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த பார்சிப் பெண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர் கையாண்ட கருவிகளைக் கேளுங்கள். 'ஸ்பீட் கிராபிக்' என்ற பெரிய காமிரா. ஒவ்வொரு படத்துக்கும் புதிய தகட்டுப் பிலிமும் புதிய பிளாஷ் பல்பும் மாற்றவேண்டும். பிறகு, இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் 'ரோலிபிளக்ஸ்'. சேலை கட்டிய அம்மையார் இவற்றைச் சுமந்துகொண்டு டில்லித் தெருக்களில் சைக்கிளில் சென்றவர். காந்தியடிகளின் இறுதிச் சடங்கை அவர் படம் பிடித்தார். ஆனால் 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவர், வழியிலேயே திரும்ப நேரிட்டது. அன்று அங்கே இல்லாமற் போனதை எண்ணிப் பின்னாளில் அவர் வருந்தியதுண்டு. எவ்வளவு நல்ல காமிரா இருந்தாலும் என்ன? நாம் இல்லாத நேரத்தில் மரணம் வந்து போய்விடுகிறது.

அவர் கணவரும் புகைப்படக் கலையில் தேர்ந்தவர். அவருக்கு அத்தொழிலைக் கற்பித்தவர். கணவர் 1969-இல் மறைந்தார். மறு ஆண்டே அம்மையார் காமிராவைக் கீழே வைத்துவிட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் ஒழுங்கற்ற நடத்தை பிடிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1989-இல் ஒரே மகனையும் இழந்தார். பிறகு வடோதராவில் தனியே வாழ்ந்தார். 2010-இல் தம் படத் தொகுப்பைப் பாதுகாப்பதற்காக டில்லியிலுள்ள அல்காஸி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2011-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்; 2012 ஜனவரியில், 98-ஆம் வயதில் காலமானார். காமிராவை விட்டுவிட்டார், படங்களைக் காப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கருவி பழுதாகும், பழையதாகும். காக்க வேண்டியது முகம்.

அவர் சொன்ன அந்த ஒழுங்கு நமக்கும் பாடம். 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருநாள் ஞாயிறு. அன்று கடல் செய்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நம் கரையிலும் நீர் ஏறியது. எத்தனையோ வீடுகளில் டிரங்குப் பெட்டியோடு படங்களும் போயின. இரண்டு நாள் கழித்து, கடலூரில் உறவினரை இழந்து மணலில் விழுந்து கதறிய ஒரு பெண்ணை அர்கோ தத்தா என்னும் படக்காரர் படம் பிடித்தார். 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' அமைப்பு அதை அவ்வாண்டின் சிறந்த படமாகத் தெரிந்தெடுத்தது. அப்படத்தில் இறந்தவரின் முகம் இல்லை. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது. அதைக் கண்டே உலகம் நம் கரையின் துக்கத்தைப் புரிந்துகொண்டது.

இன்றோ எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. அடக்கப் பூசையில் தாய் அழும்போது அவள் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறோம். அன்று நான் படமே கூடாது என்று அதட்டியது ஒரு பிழை; துக்கத்தை வேடிக்கையாக்கி ஊருக்கு அனுப்புவது மற்றொரு பிழை. முதலில் அருகில் போய்க் கையைப் பிடியுங்கள். பிறகு வீட்டார் விரும்பினால், ஓர் ஓரமாக நின்று, ஒரு படம் எடுங்கள். ஆயிரம் படம் போனில் இருக்கிறது என்று நம்பியிருக்கவும் வேண்டாம். போன் தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போயிற்று. நல்ல படம் ஒன்றையாவது அச்செடுத்து வையுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். இந்தக் கண்காட்சியில் முகம் தெளிவாக இருந்தும் யாரென்று சொல்ல ஆளில்லாத படங்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பெயர் தெரிந்த பெரியவர்கள் கோவில்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தாயின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முகம் மறந்து போகுமா? போகும். படம் இல்லாதவர்களுக்குச் சீக்கிரம் போகும். படம் இருப்பவர்களுக்கும், முகம் போய்ப் படம் மட்டும் நிற்கும். அது அன்புக் குறைவு அன்று. உயிர்த்த ஞாயிறு காலையில் மதலேன் மரியாள் ஆண்டவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவரோடு நடந்தவள், சிலுவையடியில் நின்றவள். மூன்றாம் நாளே அவளுக்கு அவர் முகம் அடையாளம் தெரியவில்லை, தோட்டக்காரர் என்று எண்ணினாள். எப்போது அறிந்துகொண்டாள்? அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தபோது. எம்மாவு சீடரும் வழியெல்லாம் முகத்தைப் பார்த்தும் அறியாமல், அவர் அப்பத்தைப் பிட்டபோது அறிந்தார்கள். நாம் மறந்தாலும் அவர்கள் நம்மை அழைப்பார்கள். நம்முடைய நினைவு காகிதத்தைப் போல மங்கலாம். நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்திருக்கிற ஆண்டவரின் நினைவு மங்காது. இதை அந்தத் தாயிடம் பின்பு நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அது என்னைக் கூப்பிடும்" என்றாள்.

கடைசி மேசைக்கு அப்பால் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. அது காலியாக விட்டதன்று. படம் இல்லாத உங்கள் இறந்தோரின் பெயர்களை அதில் எழுதுங்கள். கடல் கொண்டவர்கள், படம் எடுக்கக் காசில்லாமல் போனவர்கள், பெயர் சூட்டு முன் போன சிசுக்கள், எல்லாரையும் எழுதுங்கள். முதல் பெயரை நான் எழுதியிருக்கிறேன். நான்கு வயதுப் பெண் குழந்தை. இம்மாதம் முழுவதும் அந்தத் தாள் பீடத்தின்மேல் இருக்கும். ஒவ்வொரு பூசையிலும் அவர்களுக்காக மன்றாடுவோம்.

நித்திய இளைப்பாற்றி அவர்களுக்குக் கிடைப்பதாக. கார்மேல் அன்னை நம் அனைவரையும் தம் உத்தரியத்துக்குள் காப்பாராக. படங்களை மெதுவாகப் பாருங்கள், விரலால் தொடாதீர்கள். பத்திரம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத் தந்தை
கோவளம்