இரண்டாமிடத்தில் இருப்பவர்

ஒருவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் காதலிப்பதும், அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, சம்மதத்தோடு நடப்பதும் பாலியமரி எனப்படுகிறது. அப்படி வாழ்கிறவர்களில் பலர் ஒருவரை முதன்மைத் துணையாகவும் இன்னொருவரை இரண்டாம் துணையாகவும் வைத்துக்கொள்கிறார்கள். வீடு, பணம், பிள்ளைகள், பண்டிகை நாள் எல்லாம் முதன்மைத் துணையோடு; மற்றவருக்கு மிஞ்சிய நேரம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதலிடம் கிடைப்பதில் தவறில்லை. ஆனால் அன்பின் அளவில்தான் வேறுபாடு என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவெடுக்கும்போது யாரைக் கேட்கிறார்கள், யாரைக் கேட்பதில்லை என்பதில் இருக்கிறது வேறுபாடு.

பாலியமரி என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1929இல், பிரான்சில் எழுத்தாளர்கள் சிமோன் த பொவாரும் ழான் பால் சார்த்தரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். தங்கள் காதல் இன்றியமையாதது. இடையில் நேரும் மற்றக் காதல்களுக்குத் தடையில்லை. ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான ஏற்பாடு. ஆனால் பின்னால் வரப்போகிறவர்களின் இடத்தையும் அந்த இருவரே அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

அப்படிப் பின்னால் வந்தவர் சிகாகோ எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரென். 1947இல் பொவார் அவரைச் சந்தித்தார். கடிதங்களில் அவரைக் கணவர் என்றே அழைத்தார். ஆல்கிரென் கொடுத்த மோதிரத்தோடுதான் 1986இல் பாரிஸில், சார்த்தரின் கல்லறையில், பொவார் அடக்கமானார். இதைக் குறைந்த காதல் என்று யார் சொல்வது? ஆனாலும், மணந்துகொண்டு சிகாகோவிலேயே தங்கிவிடும்படி ஆல்கிரென் கேட்டபோது பொவார் மறுத்துவிட்டார். 1948இல் இருவரும் மெக்சிகோவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மொரேலியாவுக்குப் போகும் வழியில், ஜூலை நடுவிலேயே பாரிஸ் திரும்ப வேண்டும் என்று பொவார் அவரிடம் சொன்னார். புறப்படும் முன்பே எடுத்த முடிவு அது. கூடவே பயணம் செய்தவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இன்று முதன்மைத் துணைக்கு 'வீட்டோ' அதிகாரம் உண்டு என்று சில ஜோடிகள் விதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் மூன்றாமவரின் உறவு முடிந்துவிடும். இப்படி ஒரு விதி இருப்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பழகிய பிறகு சொல்வது அநியாயம். வரிசையே வேண்டாம் என்று வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் நேரத்தைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

பொவார் தன் நினைவுக் குறிப்புகளில் ஆல்கிரென் பற்றி வெளிப்படையாக எழுதினார். 1965இல் அது ஆங்கிலத்தில் வந்ததும் ஆல்கிரென் கொதித்துப்போய்ப் பத்திரிகைகளில் கடுமையாக எழுதினார். அதை வெறும் பொறாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இடையில் நேர்ந்த காதல் என்ற பெயரை அவருக்கு இட்டவர்கள் வேறு இருவர். அது இடப்பட்டபோது அவரை அவர்களுக்குத் தெரியவே தெரியாது.