மழையும் சைக்கிளும்

(சென்னையிலிருந்து சைக்கிளில் புறப்பட்ட பிரசாரக் குழுவினர் மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாய் ராஜபாளையம் வந்து சேர்ந்த மறுநாள் மாலை பேசியது)



சென்னையிலிருந்து இந்த ராஜபாளையம் வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டர் தூரத்தை ஐப்பசி மழையில் ஆறு நாளில் சைக்கிளிலேயே கடந்து வந்ததற்காக நமக்கு முன் பேசிய தோழர்கள் நம்மை வெகுவாய்ப் புகழ்ந்துவிட்டார்கள். ஒரு தோழர் வீரர்கள் என்றார். மற்றொரு தோழர் தியாகிகள் என்றே சொல்லிவிட்டார். இவ்வூர்ப் பஞ்சாலைகளுக்கு மழையென்றும் பனியென்றும் பாராமல் இரவு ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்து வருகிற தொழிலாளி எத்தனையோ பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது மாலை போட்டதுண்டா? தூரத்தைப் பற்றிப் பேசுவதென்றால், 1923-ம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் உலகத்தைச் சுற்றி வருவதென்று சைக்கிளில் புறப்பட்டார்கள். 1928-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்கிற மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றித் திரும்பிவந்தார்கள். பாலைவனத்திலும் பனியிலும் நாலரை வருஷ காலம் மிதித்தவர்களுக்கு முன்னால் நமது ஆறு நாள் எம்மாத்திரம்? ஆகையால் புகழ்ச்சியை இத்துடன் நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

நாம் புறப்படுகிற அன்று காலையில் ஒரு நண்பர் பதினோரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து பதினோரு சைக்கிளின் சக்கரத்தடியிலும் வைத்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். நம்முடன் வந்த பெண் தோழர்கள் மூவரும் அவற்றை எடுத்துப் பிழிந்து, உப்புப் போட்டு, எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள். பழம் சக்கரத்தடியில் நசுங்குவதைவிட வயிற்றுக்குள் போனதால் பயன் அதிகமென்பதை அந்த நண்பரே செங்கற்பட்டுத் தாண்டியபின் ஒப்புக்கொண்டார்.

நிற்க. மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிருஷ்ணன்கோவிலை விட்டுக் கிளம்பும்போது சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மேற்கே மலை முழுதும் மறைந்து கருத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கமிருந்து எதிர்க்காற்று அடித்தது பாருங்கள், அப்படியே நம்மைப் பின்னுக்குத் தள்ளியது. இதில் மாயமொன்றுமில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் மீது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அவன் உடம்புக்கு அது 45 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடையோ வேகம் மூன்று பங்கானால் ஒன்பது பங்காகிறது. ஆகவே வேகத்தைக் குறைத்து, உடம்பைக் குனித்து, ஒருவர் பின் ஒருவராய், முன்னால் போகிறவரை ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை மாற்றிக்கொண்டு வந்தோம். பெரிய ஆள் என்று எவரும் எப்போதும் முன்னால் போகவுமில்லை. சின்ன ஆள் என்று எவரும் எப்போதும் பின்னால் ஒதுங்கவுமில்லை. நனைந்த சக்கரத்தில் பிரேக்குக் கட்டை வழுக்குமாகையால் பின் பிரேக்கை முன்கூட்டியே லேசாய்ப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வரவேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

இடியும் மின்னலும் வந்தபோது வழியில் ஒரு பெரியவர் “அர்ஜுனா, அர்ஜுனா என்று சொல்லுங்கள், இடி விழாது” என்றார். அவருடன் நின்ற படித்த வாலிபர் ஒருவர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சைக்கிள் டயர் ரப்பர், ஆகையால் உங்கள் மேல் இடி விழாது” என்றார். தோழர்களே! இரண்டில் எது மூடநம்பிக்கை? இரண்டும்தான். மேகத்திலிருந்து அத்தனை தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்சாரத்துக்கு ஒரு அங்குல ரப்பர் ஒரு பொருட்டல்ல. விஞ்ஞான வார்த்தையைப் போட்டுச் சொல்லிவிட்டால் மூடத்தனம் அறிவாகிவிடாது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறதென்று அர்த்தம். அப்போது மரத்தடியில் ஒதுங்காமல் கல்லுக்கட்டிடத்துக்குள் போய்விடவேண்டும். நாமும் போனோம். சாலையோரத்தில் பால்கோவா கடை வைத்திருந்தவர் ஈரத்தோடு வந்த பதினோரு பேரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்து, பால் காய்ச்சிக் கொடுத்தார்.

அந்தக் கடைக்காரரே பிறகு, “ஆண்டாள் தாயார் உங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்” என்றார். நாம் அவரோடு சண்டைபோடவில்லை. “ஐயா, உள்ளே வரச்சொன்னது நீங்கள், பால் கொடுத்தது நீங்கள்; நன்றியை மாத்திரம் ஏன் கோபுரத்துக்கு அனுப்புகிறீர்கள்?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். ஆண்டாளைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாய்ச் சொல்லவேண்டும். திருப்பாவையில் மழையைப் பற்றிய பாட்டில், கடலில் முகந்த தண்ணீரே மேகமாகி மழையாகப் பெய்கிறதென்கிற கருத்து இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுக்கு முன் ஒரு பெண் கண்டு எழுதியதை விட்டுவிட்டு, மழைக்காகத் தவளைக்கும் கழுதைக்கும் கலியாணம் செய்துவைக்கிறவர்களை என்னவென்று சொல்லுவது!

2015-ம் வருஷம் மே மாதத்தில் இந்த மலைத்தொடரிலேயே சதுரகிரிக்குப் போன பக்தர்கள் சிலர் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் மாண்டார்கள். அவர்கள் நம்மைவிடப் பக்தியில் குறைந்தவர்களா? உச்சியில் பெய்கிற மழை கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வந்து விழும் என்பதைப் பக்தி மாற்றிவிடாது. செத்தவர்களைப் பரிகாசம் செய்ய இதைச் சொல்லவில்லை. 

இனி, இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஆறு நாளில் நமது மனதை விட்டுப் போகாத விஷயம் வேறொன்று.

நேற்று முற்பகல் மழைக்கு ஒதுங்க நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிராமத்துக்குள் போனோம். ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கஷ்டம் யாருக்கு வருமென்பது உங்களுக்கே தெரியும். நல்ல மழை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், 11-ம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாய்க் கொடுக்கிற சைக்கிளை, புத்தகப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே வந்தான். பஞ்சரா என்று கேட்டோம். இல்லை. செயின் அறுந்துவிட்டதா? அதுவுமில்லை. “இந்தத் தெரு முடியிற வரைக்கும் ஏற மாட்டோம் அண்ணே” என்றான். தெரு ஒரு பர்லாங்குகூட இராது. திண்ணையில் இருந்த ஒருவர், “மழையில் வழுக்குமென்று இறங்கி வருகிறான்” என்று நமக்கு வியாக்கியானம் சொன்னார். வழுக்காத வெயில் காலத்தில் அவன் ஏறிப் போகிறானா என்று கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

தோழர்களே! சைக்கிள் ஏறுவதைத் தடுப்பதும் குற்றமென்று ஒரு தேசத்தில் சட்டம் எழுதவேண்டியிருந்தது! 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். தாழ்த்தப்பட்டவர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறை என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. எந்தத் தேசத்துச் சட்டப் புத்தகத்திலாவது இப்படி ஒரு வரி எழுதவேண்டிய அவசியம் வந்திருக்குமா? அப்படி எழுதியும் அந்தப் பையன் இறங்கித்தான் நடக்கிறான். ஏனென்றால் சட்டம் டில்லியிலும் திண்ணை தெருவிலும் இருக்கிறது.

நம்முடன் ஏறி வா, பதினோரு பேர் கூட வருகிறோம் என்று கூப்பிட்டோம். அவன் வரவில்லை. “நீங்க போயிடுவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்” என்றான். அவனைக் கோழை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஊர் தெரியாதென்று அர்த்தம். அவனோடு தெரு முடியும் வரை பேசிக்கொண்டே போய், அவனுடைய தகப்பனாரைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு நாள் கூத்தாட்டம் வராதீங்க. வந்தா விடாம வாங்க.”

இது நடக்கக்கூடியதுதானா என்று சிலர் சந்தேகப்படலாம். 1992-ம் வருஷத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் ஓட்டினார்கள். முதலில் கேலி செய்யாத ஆண்பிள்ளை அபூர்வம். ஒரு பெண் ஓட்டியிருந்தால் கேலி செய்தே இறக்கியிருப்பார்கள். தினமும், கூட்டங்கூட்டமாய் ஓட்டியபடியால் பார்த்தவர்களுக்கே அலுத்துப்போய்க் கடைசியில் வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பது இவ்வளவுதான்.

ஆகையால் இந்தக் கூட்டத்தில் நாம் கேட்டுக்கொள்ளுவது கைதட்டல் அல்ல. அந்தத் தகப்பனார் கேட்டதைத்தான் கேட்கிறோம். நாம் நாளைக்கழித்துச் சென்னைக்குப் போய்விடுவோம். நீங்கள் இங்கேதான் இருக்கிறவர்கள். அந்த ஊர் இங்கிருந்து இரண்டரை மணி நேர மிதிதான். வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியுமில்லாமல் கோஷமுமில்லாமல், பத்துப் பேர் போய் அந்தப் பையனும் அவன் கூட்டாளிகளும் முன்னால் ஏறிப்போக, அந்தத் தெரு வழியாய் ஓட்டிவிட்டு, அங்கே டீ குடித்துவிட்டு வரவேண்டும். எல்லா ஜாதியாரும் வரவேண்டும். முக்கியமாய், அந்தத் தெருக்காரர்களுக்கு உறவுமுறையுள்ளவர்கள் இங்கே இருப்பார்கள், அவர்கள் கட்டாயம் வரவேண்டும். யாரும் வாய்ச்சண்டை போடக்கூடாது. யாராவது மறித்தால் என்ன செய்வதென்பதை வக்கீல் தோழர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் சொல்லித்தருவார்.

முதல் தடவை நாளைக் காலை. ஆறு மணிக்குப் பழைய பஸ் நிலையத்தெதிரில் நிற்போம். வருகிறவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு காற்றடிக்கும் பம்பு தேவைப்படுகிறது. நம்முடையதில் ஒன்று சேற்றில் போய்விட்டது. மழை நாளைக்கும் உண்டென்று வானிலை நிலையத்தார் சொல்லியிருக்கிறார்கள், ஆகையால் தலைக்கு ஏதாவது கொண்டுவாருங்கள்.