ஏரியும் கணக்கும் காத்த ஊர்



காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, நெல்வயல் சூழ்ந்த சமவெளியில் உள்ளது உத்திரமேரூர். 2020-இல் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோதும் இவ்வூரின் புகழ் பேசப்பட்டது. நாமும் மேடைதோறும் குடவோலையைப் பாராட்டுகின்றோம். ஆனால், அங்குள்ள கல் என்ன சொல்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டாவா?

பல்லவர் காலத்தில் பார்ப்பனர்க்குக் கொடையாக அமைக்கப்பட்ட ஊர் இது. ‘உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்’ என வடமொழிப் பெயரும் சூட்டினர். ஆயினும் ஊரை வாழ்வித்தது பெயரன்று, ஏரியே! கல்வெட்டுகள் ‘வயிரமேகத் தடாகம்’ என்று குறிக்கும் பேரேரி அது. மழைநீரைத் தேக்கினால்தான் அந்நிலத்தில் நெல் விளையும். ஆகவே ஏரியைத் தூர்வாரப் பொன் வைத்தனர். அதனைக் காக்கத் தனி வாரியமே அமைத்தனர்.

முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராக 30 பேரைக் குடவோலை வழித் தெரிந்தனர். அவருள் 12 பேர் ஆட்டைவாரியம். 12 பேர் தோட்டவாரியம். 6 பேர் ஏரிவாரியம். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனே குடத்திலிருந்து ஓலை எடுப்பான். அதனை வாங்குவோன் ஐந்து விரல்களையும் அகல விரித்தே வாங்குதல் வேண்டும். கையில் கரவு இருத்தல் கூடாதன்றோ! பொறுப்பு 360 நாள்களுக்கே. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதலாகாது. அவன் நெருங்கிய உறவினர்க்கும் அத் தடை உண்டு.

இவ்வளவும் பெருமையே. எனினும் உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் உடைய 35 முதல் 70 அகவைக்குட்பட்ட ஆடவர்க்கே அங்கு இடம் இருந்தது. கல்வி மிக்கவர்க்கு அரைக்கால்வேலி போதும் என்று தளர்த்தினரேயன்றி, சேற்றில் இறங்கி உழுதவனுக்கும், நாற்று நட்ட பெண்ணுக்கும் ஓலையில் பெயரில்லை. அதனை முழு மக்களாட்சி என்பது பொருந்தாது.

இன்று ஓலை எல்லார்க்கும் கிடைத்துவிட்டது. கணக்குக் கேட்கும் கண்டிப்போ அக் கல்லிலேயே நின்றுவிட்டது! ஏரி தூர்ந்தால் ஊர் தூரும். கணக்கு மறைந்தால் ஆட்சி அழுகும். ஆகவே, உங்கள் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள், மதகைப் பாருங்கள், ஊரவையில் எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள். முன்னோரின் நெறியைக் கொள்வோம். அவர் அடைத்த கதவைத் திறப்போம்!