வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன்

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை ஹெட்ஃபோன்ல கேக்காதீங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. வீட்ல அம்மா, அத்தை, பாட்டி இருந்தா அவங்க காதுலயும் விழட்டும். விஷயம் மலக்கசிவு. அதாவது மலத்தை அடக்க முடியாமப் போறது, இல்லைன்னா தெரியாமலே கசியறது.

எங்க ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர். ஆடிச் சுவாதி அன்னிக்கு அவரோட குருபூஜைக்கு எங்க அத்தை தவறாமப் போவாங்க. ஒரு வருஷம் திடீர்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறுறதும் நின்னுச்சு. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில உக்காராமலே கிளம்பிடுவாங்க. கேட்டா, "முட்டி வலிடா"ன்னு சொல்வாங்க. பல வருஷம் கழிச்சு எங்க அம்மாகிட்ட மட்டும் சொன்னாங்க: "கொல்லைக்குப் போகணும்னு தோணிட்டா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேங்குது அண்ணி." இதை அத்தையோட சம்மதத்தோடதான் சொல்றேன்.

நம்ம பக்கம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் "மூலம், பௌத்திரம்"னு எழுதியிருக்கும். ஆசனவாய்ல என்ன தொந்தரவு வந்தாலும் மக்கள் அதை மூலம்னுதான் நினைப்பாங்க. அத்தையும் அப்படி நினைச்சுத்தான் ஒரு கிளினிக்குக்குப் போனாங்க. "வெடிப்பு இருக்கு, உள் தசையைக் கொஞ்சம் வெட்டிவிட்டா சரியாயிடும்"னு சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் குறிச்சுட்டாங்க. கசிவைப் பத்தியோ பிரசவத்தைப் பத்தியோ ஒரு கேள்வி கூடக் கேக்கல. மனசு கேக்காம, வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த சர்ஜன் கேட்ட முதல் கேள்வியே, "தலைப்பிரசவம் எப்படிம்மா ஆச்சு?"

"ஆயுதம் போட்டு எடுத்தாங்க."

அவர் பேனாவைக் கீழ வச்சுட்டார். "முதல்ல ஸ்கேன் பாத்துடுவோம்"னு சொன்னார்.

ஆசனவாயைச் சுத்தி ரெண்டு வளையத் தசை இருக்கு. உள்வளையம் நம்ம கட்டுப்பாட்டுல இல்லாதது. நாம தூங்கும்போது கூட ஆசனவாயை மூடி வைக்கிறதுல பெரும்பங்கு இதோடதுதான். வெளிவளையம் நாம நினைச்சு இறுக்குறது. அவசரம் வரும்போது "கொஞ்சம் பொறு"ன்னு பிடிச்சு நிறுத்துறது இதுதான். அதனால, பொதுவா, உள்வளையம் கெட்டா தெரியாமலே கசியும். வெளிவளையம் கெட்டா, தெரியும், ஆனா அடக்க முடியாது. அத்தை சொன்ன "அஞ்சு நிமிஷம்" ரெண்டாவது வகை. வெடிப்புக்கு வெட்டுறதா சொன்னது எந்தத் தசை? உள்வளையம்.

எடுத்தது எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட். விரல் பருமன் இருக்கிற புரோப், அதுக்கு மேல உறை, அதுக்கு மேல ஜெல். இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். சில நிமிஷம்தான். பொதுவா மயக்க மருந்து தேவையில்லை. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் இல்லை. புரோப் சுத்திலும் 360 டிகிரி பாக்கும். படத்துல உள்வளையம் கருப்பா, வெளிவளையம் வெளுப்பாத் தெரியும். அத்தைக்கு உள்வளையம் முழுசா இருந்தது. வெளிவளையத்துல முன்பக்கம், கடிகாரத்துல 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும் இடைவெளி. பிரசவத்துல கிழிஞ்சது, முப்பது வருஷமா அப்படியே இருந்திருக்கு. இருந்த ஒரே காவல்காரன் உள்வளையம்தான். அவனையும் வெட்டியிருந்தா?

நான் சாஃப்ட்வேர் ஆளு. ஒரே எரர் மெசேஜ் பத்து வேற காரணத்தால வரும்னு எங்களுக்குத் தெரியும். லாக் பாக்காம கோடை மாத்தினா இன்னும் நாலு இடம் உடையும். இங்க உடையறது மனுஷ உடம்பு.

இந்தக் கிழிசல் ரொம்ப அபூர்வமானதும் இல்லை. லண்டன் செயிண்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில 1980-களின் கடைசியிலதான் இந்த ஸ்கேன் வளர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி, இந்த மாதிரி கசிவுக்குப் பிரசவத்துல நரம்பு கெட்டதுதான் முக்கியக் காரணம்னு நினைச்சாங்க. 1993-ல அப்துல் சுல்தானும் அவரோட குழுவும் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. தலைப்பிரசவம் சுகப்பிரசவமா ஆனவங்கள்ல 35 சதவீதம் பேருக்குத் தசையில சேதம். ஃபோர்செப்ஸ் போட்ட 10 பேர்ல 8 பேருக்கு. எல்லாருக்கும் கசிவு வந்துடலை. ஆனா அந்தக் கிழிசல்ல பெரும்பாலானது பிரசவ அறையில யார் கண்ணுலயும் படலை. தையல் போடுறதுக்கு முன்னாடி, பழகின ஒருத்தர் ஆசனவாயில விரல் வச்சுக் கவனமாச் சோதிச்சா இதுல நிறையவே கண்டுபிடிக்கலாம்னு பின்னாடி தெரிய வந்துச்சு. தமிழ்நாட்டுல இன்னைக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான். அதனால இந்தச் சோதனை நமக்கு எட்டாத விஷயம் இல்லை.

சரி, ஸ்கேன் எல்லாத்தையும் சொல்லிடுமா? சொல்லாது. அது தசையோட வடிவத்தைக் காட்டும், பலத்தைக் காட்டாது. பலத்துக்கு மேனோமெட்ரின்னு அழுத்தம் அளக்கிற சோதனை இருக்கு. பெண்களுக்கு மேல்பகுதியில முன்பக்கம் வெளிவளையம் இயல்பாவே குறைவா இருக்கும். பழக்கமில்லாதவங்க அதையே கிழிசல்னு எழுதிடலாம். ரெண்டு வளையமும் முழுசா இருந்தா, காரணம் வேற இடத்துல: சர்க்கரை நோயால கெட்ட நரம்பு, நாள்பட்ட பேதி, மலம் கட்டிப்போய் அதைச் சுத்திக் கசியறது. அப்படி இருந்தா தைக்கிறதுக்கு அங்க எதுவுமே இல்லை.

கிழிசல் இருந்தாலும் தையல் மந்திரம் இல்லை. பிரசவக் கிழிசலைத் தைச்சுக்கிட்டவங்களை அஞ்சு வருஷத்துக்கு மேல தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2000-ல லான்செட்ல வந்துச்சு. மலம், காற்று ரெண்டையும் முழுசா அடக்க முடிஞ்சவங்க அதுல ஒருத்தர் கூட இல்லை. பலருக்கு முன்னைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். அதனாலதான் அத்தைக்கும் முதல்ல சாப்பாட்டு மாற்றம், மலத்தை இறுகவைக்கிற மாத்திரை, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்குடுத்த தசைப் பயிற்சி. ஆபரேஷனை அப்புறம் யோசிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இப்போ அஞ்சு நிமிஷம் பதினஞ்சு நிமிஷம் ஆயிருக்கு. உளுந்தூர்பேட்டை பஸ்ல போயிட்டு வந்துட்டாங்க.

இந்தப் புரோப் எல்லா ஊர்லயும் கிடைக்காது. மலக்குடல் சிகிச்சைக்குத் தனித்துறை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேக்கணும். வயித்துக்கு வைக்கிற சாதாரண புரோபையே வெளியில இருந்து வச்சும் இந்தத் தசைகளைப் பாக்க முடியும், ஆனா பாக்கிறவருக்குப் பழக்கம் வேணும்.

ஆசனவாய்ல கத்தி வைக்கணும்னு யாராவது சொன்னா மூணு விஷயம் பண்ணுங்க. கசிவு இருந்தா வெக்கப்படாம முதல்லயே சொல்லுங்க. பிரசவம் எப்படி ஆச்சுன்னு, அவங்க கேக்கலைன்னாலும் சொல்லுங்க. "எந்தத் தசையை வெட்டுறீங்க, அது முழுசா இருக்கான்னு பாத்தீங்களா?"ன்னு கேளுங்க.

வீட்ல யாராவது திடீர்னு கோயிலுக்கு, கல்யாணத்துக்குப் போறதை நிறுத்தியிருந்தா, "முட்டி வலி"ங்கிற பதிலோட விட்டுடாதீங்க. பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.